பசுண்டாங் பழைய பேப்பர் கடை: கொலாஜ் செய்து சம்பாதிக்கிற ஒருத்தியின் விமர்சனம்

பேப்பர் துண்டுகளை வெட்டி ஒட்டி நான் செய்கிற கொலாஜ் படங்களை வாங்குகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்களும் தவறாமல் கேட்கிற கேள்வி, இவ்வளவு பேப்பர் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான். ரங்கூனில் பசுண்டாங் பக்கம், கால்வாய்க்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குறுக்குச் சந்தில் இருக்கிற பழைய பேப்பர் கடையிலிருந்துதான் முக்கால்வாசி வருகிறது. பெயர்ப் பலகை கிடையாது. சந்து முனையில் இருக்கிற டீக்கடையில் "பேப்பர் மாமா கடை" என்று கேட்டால் கை காட்டுவார்கள். கொலாஜ், புக் பைண்டிங், காகிதக்கூழ் பொம்மை என்று பேப்பரை வைத்து ஏதாவது செய்கிறவர்கள் தயங்காமல் போகலாம். வீட்டில் பொட்டலம் மடிக்க நாலு செய்தித்தாள் வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம், தெருவில் வருகிற தள்ளுவண்டிக்காரரே போதும்.

இந்தக் கடையின் பெருமை அங்கே இருக்கிற சரக்கில் இல்லை, அதைப் பிரித்து வைக்கிற விதத்தில் இருக்கிறது. மற்ற இடங்களில் செய்தித்தாள் ஒரு கட்டு, நோட்டுப் புத்தகம் ஒரு கட்டு, அட்டைப்பெட்டி ஒரு கட்டு, அவ்வளவுதான் பிரிவு. எடைக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள், அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் படம் செய்கிறவளுக்கு அந்தப் பிரிவு எதற்கும் உதவாது. நான் பெயின்ட் தொடுவதில்லை, படத்தில் வருகிற எல்லா நிறமும் பேப்பரிலிருந்தே வர வேண்டும், அதனால் மஞ்சள் என்றால் ஒரு மஞ்சள் போதாது, காலண்டர் மஞ்சள், பழுத்த நோட்டு மஞ்சள், கல்யாணப் பத்திரிகை மஞ்சள், தபால் உறை மஞ்சள் என்று தனித்தனியாக வேண்டும், அதிலும் தடித்தது எது மெல்லியது எது, ஈரம் பட்டால் சாயம் விடுவது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஆகிற நேரத்தில் பாதிக்கு மேல் இந்தத் தேடலிலும் பிரிப்பதிலும்தான் போகிறது, ஒட்டுவது கடைசியில் வருகிற வேலை. அந்தப் பாதி வேலையை எனக்காக ஏற்கெனவே செய்து வைத்திருக்கிற கடை ரங்கூனில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மாமா சின்ன வயதில் அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். தமிழ், பர்மிய மொழி, கொஞ்சம் இங்கிலீஷ் எல்லாம் பேசுவார். ஆனால் கடையில் உண்மையான கண் அவர் மனைவியுடையது. அவர் பர்மியப் பெண், நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், கல்யாணமாகி வந்து கற்றுக்கொண்ட தமிழில் "இது அழும், எடுக்காதே" என்று சொன்னார் என்றால் அந்தப் பேப்பர் பசை பட்டதும் சாயம் விடும் என்று அர்த்தம். விரல் நுனியை எச்சிலில் தொட்டு மூலையில் ஒரு தேய் தேய்ப்பார், அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கீற்றைக் கிழிப்பார், முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில். ஒரு பக்கம் கோடு போட்ட மாதிரி நேராகக் கிழியும், இன்னொரு பக்கம் கோணல் மாணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசையில்தான் அந்தத் தாளின் நார் ஓடுகிறது. கட்டு கட்டும்போது எல்லாத் தாளின் நாரும் ஒரே திசையில் இருக்கும்படி அடுக்கி, மேல் தாளில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த அம்புக்குறி ஒன்றுமே இல்லாத விஷயமாகத் தெரியலாம். பேப்பர் ஈரமானால் நாருக்குக் குறுக்கே உப்பும், நீளவாக்கில் ரொம்ப உப்பாது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுகிற தாள்களின் நார் ஆளுக்கொரு பக்கம் போனால், காயும்போது ஒன்று இழுக்க ஒன்று விட்டுக்கொடுக்க, மறுநாள் காலையில் பார்த்தால் முகத்தில் சுருக்கம், அட்டை அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கும். வளைந்த அட்டையை நிமிர்த்த ஒரு வழி, பின்பக்கமும் அதே எடையில் ஒரு தாளை ஒட்டி இழுப்பைச் சமன் செய்வதுதான். அந்த அம்புக்குறி இருக்கிறபோது இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதே இல்லை. நான் காசு கொடுப்பது இதற்குத்தான்.

சரி, சரக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் அதிகம் வாங்குவது பழைய செய்தித்தாள், அதிலும் மியன்மா அலின் போன்ற அரசாங்கப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள். மனுஷத் தோலின் நிறத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேப்பரை நான் பார்த்ததில்லை. மரத்தை அப்படியே அரைத்துச் செய்கிற கூழில் லிக்னின் என்கிற பொருள் தங்கிவிடுகிறது, காற்றும் வெளிச்சமும் பட்டால் அதுதான் பழுப்பாகிறது. அதனால் கட்டாகக் கிடந்த பேப்பரில் ஓரம் நன்றாகக் கருத்து, உள்ளே போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். இதே தாளில் நெற்றிக்கு நடுப்பகுதி, கன்னத்துக்கு அதற்கு அடுத்தது, தாடைக்குக் கீழே விழுகிற நிழலுக்கு ஓரம் என்று எடுத்தால், ஒரே பேப்பரில் ஒரு பாட்டியின் முகம் முழுக்க வந்துவிடும். எழுத்துகள் பொடிப் பொடியாக ஊடே தெரிவது தோலின் சுருக்கமாகவே அமைந்துவிடும். இந்தப் பழுப்பு நிற்காது, வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகும் மெதுவாகக் கருத்துக்கொண்டே போகும், இதை நான் விற்கும்போதே வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன். வெயில் படாத சுவரில், கண்ணாடி போட்டு மாட்டினால் வேகம் குறையும். நம் நிறமும் வயதாக ஆக அப்படித்தானே என்று ஒரு அம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

இந்தக் கடையில் செய்தித்தாள்கள் வருஷவாரியாக இருக்கின்றன. 2013 ஏப்ரல் 1-இல் தனியார் தினசரிகள் மறுபடி வர ஆரம்பித்தன, அதற்கு முன் வருஷம் ஆகஸ்டில்தான் அச்சுக்கு முன் தணிக்கை என்கிற நடைமுறை எடுக்கப்பட்டது. அந்தச் சில வருஷத்துப் பத்திரிகைகளும் வார இதழ்களும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, வண்ணம் நன்றாக இருக்கும், விலையும் குறைவு. அதற்கும் பழைய காலத்து மாத இதழ்களில் வேறு ஒரு விசேஷம் உண்டு. அப்போது தணிக்கையில் பிடிக்காத பத்திகளின் மேல் வெள்ளி மை பூசி மறைத்துத்தான் கடைக்கு அனுப்புவார்கள், சிலசமயம் பக்கத்தையே கிழித்துவிடுவார்கள். அந்த வெள்ளிப் பட்டைகள் இன்னமும் மங்காமல் இருக்கின்றன. சாய்த்துப் பிடித்தால் அடியில் இருக்கிற எழுத்து மேடாகத் தெரியும், ஆனால் படிக்க முடியாது. மாமா இவற்றைத் தனி அலமாரியில் வைத்திருக்கிறார், எடைக்குக் கொடுக்க மாட்டார், தாள் கணக்கில்தான். நான் கேட்டால் கொடுக்கிறார், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான். ஆற்றுத் தண்ணீருக்கும் மழைக்கும் இந்த வெள்ளியை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு இப்படியாவது ஓர் இடம் கிடைக்கட்டும் என்று நினைத்துத்தான் ஒட்டுகிறேன், அலங்காரத்துக்காக இல்லை.

மாத இதழ்களின் வழவழப்பான பேப்பர் இங்கே செய்தித்தாளைவிட மலிவு. எண்ணெய் உறிஞ்சாது, பொட்டலத்துக்கு ஆகாது, அதனால் யாரும் கேட்பதில்லை. அதன் மேல் பூசியிருக்கிற மண் பூச்சினால் கத்தரித்தால் ஓரம் கூர்மையாக வரும், கிழித்தால் உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும். உங்கள் பக்கம் இழுத்துக் கிழிக்கிறீர்களா, எதிர்ப்பக்கம் தள்ளிக் கிழிக்கிறீர்களா என்பதைப் பொறுத்து அந்த வெள்ளை ஓரம் மேல் தாளிலோ கீழ்த் தாளிலோ விழும். அலை, மேகம், வேட்டிக் கரை எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பத்திரிகை மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். சலூன்களில் வெயில் பட்ட சினிமாப் போஸ்டர் நீலமாகிப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ஒருவர் பட்டுப்புடவைச் சிவப்புக்குப் பத்திரிகையை நம்பினால் சில வருஷத்தில் அது வெளிறிவிடும். சிவப்புக்கு நான் பழைய கணக்குப் புத்தகங்களின் சாயத் துணி அட்டையை உரித்து எடுக்கிறேன், அக்கா எனக்கென்று அதை எடுத்து வைக்கிறார்.

கணக்குப் புத்தகம் என்றதும் சொல்ல வேண்டும், நகரத்தார் வட்டிக்கடைப் பேரேட்டுத் தாள்கள் எப்போதாவது வரும். கருக்காத, கனமான தாள், தமிழ் எண்கள், ஓரத்தில் பிள்ளையார் சுழி. இவற்றை நான் வாங்குவேன், ஆனால் வெட்ட மாட்டேன், படத்தில் வேண்டுமென்றால் நகல் எடுத்து அதை ஒட்டுவேன். இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாத ஒன்றை என் படத்துக்காகத் துண்டாக்க எனக்கு மனசு வரவில்லை.

செல்லாத நோட்டுகளும் உண்டு. இந்த ஊரில் 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள், 1985-இல் மறுபடி, அதற்குப் பதிலாக வந்த 35, 75 கியாட் நோட்டுகளையும் 25 கியாட்டையும் 1987 செப்டம்பர் 5 அன்று ஒரு பைசா மாற்றிக் கொடுக்காமல் செல்லாது என்றார்கள். பிறகு 45, 90 கியாட் வந்தது. வீட்டில் கட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரே நாளில் வெறும் பேப்பரானது என்று பெரியவர்கள் சொல்லாத குடும்பம் இங்கே இல்லை. பான்சோடான் தெருவிலும் மகாபண்டுலா பூங்கா பக்கத்திலும் சுற்றுலாக்காரர்களுக்கு அந்த நோட்டுகளை உறை போட்டு விற்பார்கள், அங்கே விலை அதிகம். மாமாவிடம் கிழிந்தது, பூச்சி அரித்தது, எண்ணெய்க் கறை பட்டது கிடைக்கும், எனக்கு அதுதான் வேண்டும். ஒரு முறை ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவின் படத்தைக் கேட்டார்கள், அவர் கடை வைத்திருந்தவர், சட்டைக்கு 75 கியாட் நோட்டுகளைப் போட்டேன், பார்த்ததும் அவர் மகள் அழுதுவிட்டார். அப்பா அதைத்தான் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார் என்று சொன்னார்.

மற்றவை: தபால் உறைகள் (உள்பக்கத்தில் எழுத்து தெரியாமல் இருக்க அச்சடித்திருக்கிற நீலக் கோலங்கள் இருக்கிறதே, இரவு வானத்துக்கு அதற்கு ஈடு கிடையாது), தினக் காலண்டர் கிழித்த தாள்கள், கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிக்கூட வரைபடங்கள், பிண்டயாவில் முசுக்கட்டை மரப் பட்டையிலிருந்து செய்கிற ஷான் பேப்பரின் வெட்டுத் துண்டுகள். கடைசியில் சொன்னது குடை செய்கிறவர்களிடமிருந்து வருவதாக மாமா சொன்னார், மெல்லியதாக இருந்தாலும் நார் நீளம், நனைத்தாலும் லேசில் கிழியாது. முகத்தில் கண் இமைக்கும் நரைமுடிக்கும் அதைத்தான் நார் நாராகப் பிரித்து ஒட்டுகிறேன். கடை ரசீதுகளை மட்டும் வாங்காதீர்கள், சூடு பட்டால் கறுத்துவிடும், சும்மா இருந்தாலும் எழுத்து மறைந்துவிடும். அக்காவே அவற்றைப் பொறுக்கி வெளியே போட்டுவிடுகிறார்.

கடிதங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. வீடு காலி செய்கிறபோது தகரப் பெட்டியோடு கடிதங்களை எடைக்குப் போடுகிறவர்கள் உண்டு. 1963, 64-இல் வங்கிகளும் கடைகளும் தேசியமயமான பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் இங்கிருந்து கப்பல் ஏறினார்கள், பாதிக் குடும்பம் அங்கே, பாதிக் குடும்பம் இங்கே என்று ஆனது, அதற்கப்புறம் பல வருஷம் நீல ஏர்மெயில் தாளில்தான் உறவு. ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த அந்தக் கடிதங்கள் இங்கே கட்டுக் கட்டாக வரும். வேறு கடையாக இருந்தால் அப்படியே எடையில் போய்விடும். மாமா அதைச் செய்வதில்லை. உறையில் இருக்கிற பெயரைப் பார்த்து, தெரிந்த குடும்பமா என்று காளி கோயிலில் நாலு பேரிடம் விசாரிப்பார், அனோரதா சாலைக் கோயிலுக்குப் போனால் அரைமணி நேரத்தில் ஏதாவது ஒரு தகவல் வந்துவிடும் என்பார். யாரும் வராவிட்டால் ஒரு வருஷம் பெட்டியில் வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் விற்பனைக்கு. அப்படி விற்பனைக்கு வந்த கடிதங்களை நானும் வாங்குவதில்லை. ஒரு வாடிக்கையாளர் ஏர்மெயில் கடிதங்களால் பின்னணி செய்து தரச் சொன்னார், அழகாகத்தான் இருக்கும், மறுத்துவிட்டேன். யாரோ ஒருத்தி தன் அண்ணனுக்கு "இந்த வருஷமாவது வந்துவிட்டுப் போ" என்று எழுதியதை யாரோ ஒருவர் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டி வைக்க நான் துணை போக மாட்டேன். உங்கள் குடும்பத்துக் கடிதம் என்றால் கொண்டு வாருங்கள், அப்போது சந்தோஷமாகச் செய்வேன். இதில் எல்லாக் கொலாஜ்காரர்களும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், கைவிடப்பட்ட பேப்பர் எல்லாருக்கும் பொது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மன் கலைஞர் 1919 வாக்கில் தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டையும் மிட்டாய்க் காகிதத்தையும் பொறுக்கி ஒட்டியபோது அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை, உண்மைதான். டிக்கெட் வேறு, கடிதம் வேறு என்பது என் தீர்மானம்.

வேறு இடங்களோடு ஒப்பிட்டால்: பான்சோடான் தெரு நடைபாதைப் புத்தகக் கடைகளும் 37-ஆம் தெருக் கடைகளும் முழுப் புத்தகம் தேடுகிறவர்களுக்குத்தான். அங்கே போய் ஒரு பக்கத்துக்காக ஒரு புத்தகத்தை வாங்கிக் கிழிப்பது எனக்கு ஒப்பவில்லை, ஏற்கெனவே அட்டை போன, பாதி தொலைந்த புத்தகம்தான் என் மேஜைக்கு வர வேண்டும். இணையத்தில் "பழங்காலப் பேப்பர் தொகுப்பு" என்று விற்கிறார்களே, ஒரு முறை வாங்கினேன், எவரிடம் என்று சொல்லவில்லை. பிரித்தால் புதுப் பேப்பரில் பழைய படத்தை அச்சடித்து டீத் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டது. கறை முழுத் தாளிலும் ஒரே சீராக இருந்தது, இயல்பாகப் பழுத்த பேப்பரில் ஒருநாளும் அப்படி வராது. பசை பட்டதும் அந்தக் கறை கரைந்து பக்கத்துத் தாளுக்கும் ஏறியது. திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அதே காசுக்குப் பசுண்டாங்கில் ஒரு மாதத்துக்கு வேண்டிய சரக்கு கிடைத்திருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன், குறை நிறைய உண்டு.

முதல் குறை ஈரம். மே கடைசியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை இந்த ஊர் காயாது, கடையோ கால்வாய்ப் பக்கம், தரை தாழ்வு. அடியில் கிடக்கிற மூட்டைகளில் பூஞ்சை வாடை இருக்கும், சிலவற்றில் கறுப்புப் புள்ளி வந்திருக்கும். கட்டை வாங்குமுன் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் வேண்டாம், வேறு எடுங்கள். மழைக்காலத்தில் மேல் அடுக்கில் இருப்பதைத் தவிர எதையும் நான் வாங்குவதில்லை, ஒரு வருஷத்துத் தேவையைக் குளிர்காலத்திலேயே வாங்கி வைத்துவிடுகிறேன். பலகை அடித்து மூட்டைகளைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கி வைக்கலாம் என்று மாமாவிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. இந்த வருஷம் பாதிக் கடைக்குப் பலகை வந்திருக்கிறது.

இரண்டாவது, பூச்சி. வெள்ளிப்பூச்சி இல்லாத கட்டு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் மற்ற பேப்பரோடு சேர்க்காமல் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, நாலைந்து நாள் கழித்துப் பிரித்து, தாள் தாளாக உதறி, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஆறவிட வேண்டும். வெயிலில் போடாதீர்கள், பூச்சி போகும், பேப்பரும் போய்விடும். அப்புறம் மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் துளி மயில்துத்தம் சேர்த்துக்கொண்டால் பூச்சி அண்டாது, நம் ஊர் பைண்டர்கள் காலங்காலமாகச் செய்வது, மாமாவும் அதைத்தான் சொல்வார். அது விஷம், பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நான் சேர்ப்பதில்லை, அன்றைக்குக் காய்ச்சிய பசையை அன்றைக்கே தீர்த்துவிடுவேன்.

மூன்றாவது, எடை. இங்கே எல்லாம் வீசைக் கணக்குதான், ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நோட்டுப் புத்தகத்தின் கம்பியும் அட்டையும் அந்த எடையிலேயே வரும், கழித்துத் தர மாட்டார்கள். பேரம் கிடையாது. திருப்பி எடுத்துக்கொள்வதும் கிடையாது. விலையை இங்கே எழுதவில்லை, இப்போது இருக்கிற நிலைமையில் இந்த மாதம் எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். பிரிக்காத செய்தித்தாளுக்குத் தள்ளுவண்டியில் கொடுப்பதைப் போல ஒன்றரை மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா உட்கார்ந்து பிரித்ததற்கு அந்தக் கூடுதல் போதாது என்பதுதான் என் எண்ணம், நான் வாங்குகிறபோது அவர் கேட்பதற்கு மேலேயே கொடுக்கிறேன்.

மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் கடைக்குள் வெளிச்சம் எதிர்பார்க்க வேண்டாம். காலையில் போங்கள், வாசல் பக்கம் சூரிய வெளிச்சம் இருக்கும்போது நிறம் சரியாகத் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த கிரீம் நிறம் வீட்டில் வந்து பார்த்தால் சாம்பலாக இருக்கும். நானும் அதனால்தான் இப்போதெல்லாம் பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்கிறேன், ராத்திரி விளக்கில் வெட்டலாம், நிறம் பொருத்தக் கூடாது.

இந்தத் தொழிலில் என்ன வரும் என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம். 2020-க்கு முன்னால் சுற்றுலாக்காரர்கள் சின்னச் சின்னப் படங்களை வாங்குவார்கள், ஷ்வேதகோன் கோபுரம், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டலாவுக்குப் போகிற படகு, அப்படி. இப்போது அந்த வருமானம் இல்லை. இங்கேயே இருக்கிற குடும்பங்கள்தான் கேட்கிறார்கள், அறுபதாம் கல்யாணத்துக்கு, புது வீட்டுக்கு, இறந்துபோன அம்மாவுக்கு. வேலை குறைந்திருக்கிறது, ஆனால் வேலையின் தரம் கூடியிருக்கிறது, ஏனென்றால் கேட்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பேப்பரையும் கொண்டு வருகிறார்கள், பழைய பள்ளிக்கூடச் சான்றிதழின் நகல், கடை பில் புத்தகம், தீமிதித் திருவிழா நோட்டீஸ். அதோடு சேர்க்க வேண்டிய மிச்சத்தைப் பசுண்டாங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வகுப்புகளும் கைகொடுக்கின்றன. பிள்ளைகளுக்கு முதலில் செய்ய வைப்பது இங்கே கோயில் படிக்கட்டுகளில் விற்கிற, தள்ளினால் எழுந்து உட்காருகிற பேப்பர் பொம்மை. தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை மாதிரிதான், அடிப்பக்கம் மட்டும் கனமாக இருக்கும். பழைய பேப்பரைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக அச்சின் மேல் ஒட்டிக் காயவைத்துச் செய்வது. அதற்கு மலிவான செய்தித்தாள் போதும், மாமா வகுப்புக்கு என்றால் பாதி விலைதான் வாங்குகிறார்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: துணிப்பை, கயிறு, உங்கள் கையோடு வேண்டும், கடையில் பை தருவதில்லை. பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள், தும்மல் வருகிறவர்கள் முகக்கவசமும். குனிந்து தேட வேண்டியிருக்கும், அவசரமாகப் போகிற இடம் இல்லை. அக்கா கட்டி வைத்ததைப் பிரித்துப் பார்த்தால் அதே மாதிரி நார் திசை பார்த்துத் திரும்பக் கட்டி வையுங்கள், அவருக்குக் கோபம் வருவது அதில் ஒன்றில்தான். படம் எடுக்கக் கேட்டால் சரக்கை எடுக்க விடுவார்கள், கடிதப் பெட்டியை விட மாட்டார்கள். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடியும்வரை கடை கிடையாது, தைப்பூசத்துக்கும் அடைப்பு. உங்கள் வீட்டில் பழைய பேப்பர் எடைக்குப் போடுவதாக இருந்தால் இங்கேயே கொண்டு போடலாம், வாங்கிக்கொள்கிறார்கள். பத்திரம், சான்றிதழ், போட்டோ மூன்றையும் மட்டும் வீட்டிலேயே பார்த்து எடுத்துவிடுங்கள், அங்கே பிரிக்கும்போது அது கிடைத்தால் திருப்பிக் கொடுக்க உங்கள் முகவரியைத் தேடிக்கொண்டு மாமா அலைவார், அவருக்கு முழங்கால் வலி.